சென்னை வைரமும் மூணாறு தேயிலையும்
(பிட் குடும்பத்தின் நான்கு தலைமுறை)

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, வழக்கம்போல நான் மூணாறு மலையின் வரலாற்றைத்தான் எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதியிருப்பதோ பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஓர் அரசியல் குடும்பத்தைப் பற்றி. "இவருக்கு என்ன ஆச்சு?" என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இந்த மலையில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். இளைய வில்லியம் பிட் என்ற பிரதம மந்திரி 1784-இல் தேயிலை வரியைக் குறைத்தார் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், அவரு வரியைக் குறைச்சாரு, அங்க இருக்கிறவங்க டீ குடிச்சாங்க. அதனால நமக்கு என்ன சார்?" என்று கேட்டாள். அவள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை.

ஓய்வு பெற்றபின் கிடைத்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். தேடப் போனால், அந்தக் குடும்பத்தின் செல்வமே நம் சென்னையிலிருந்து புறப்பட்டிருக்கிறது! ஆகவே இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில்.

தாத்தா பிட்: பாதிரியார் மகன் கவர்னரான கதை

தாமஸ் பிட் 1653-இல் இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில், பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி என்ற ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் திருச்சபைப் பாதிரியார். பெரிய சொத்து எதுவும் கிடையாது. இருபது வயதை ஒட்டிக் கப்பலேறி வங்கக் கரைக்கு வந்தவர், பாலசோர் துறைமுகத்தில் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார்.

இங்கே ஒரு சிக்கல். கீழ்த்திசை வியாபாரம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்கிறவர்களை ஊடே புகுந்தவர்கள் என்று கம்பெனி வெறுத்தது. பிட்டைப் பிடிக்க உத்தரவு போட்டது, வழக்குப் போட்டது, அபராதமும் வாங்கியது. மனுஷன் அசரவில்லை. சம்பாதித்த பணத்தில் இங்கிலாந்தில் நிலம் வாங்கினார், பாராளுமன்ற உறுப்பினர் ஆனார், மறுபடியும் கப்பல் ஏறினார். கடைசியில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. அடக்க முடியாதவனை வேலைக்கு வைத்துக்கொள்வதே மேல்! 1698-இல் அவரைச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக அனுப்பியது. 1709 வரை, பதினோரு ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார்.

சென்னை நகர வரலாற்றில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. 1702-இல் கர்நாடகத்தின் முகலாய அதிகாரி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது மூன்று மாதம் தாக்குப்பிடித்து, பிறகு பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். 1707-இல் இடங்கை, வலங்கைச் சாதியாருக்கு இடையே பெருங்கலகம் மூண்டது. வலங்கையார் பெத்தநாயக்கன்பேட்டையிலும் இடங்கையார் முத்தியால்பேட்டையிலும் குடியிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து எல்லைக்கற்கள் நட்டார். 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்குப் பெற்றார். இன்று நுங்கம்பாக்கத்தில் வீடு வாங்க எத்தனை கோடி ஆகும் என்று யோசிக்கும்போது, இந்த ஐந்து கிராமக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

ஆனால் அவர் பெயரை நிலைக்கச் செய்தது நகரமல்ல, ஒரு கல்.

வைரம்

கோல்கொண்டா நாட்டில் கிருஷ்ணா நதிக்கரையில் அக்காலத்தில் பெரும் வைரச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே கிடைத்த 410 காரட் எடையுள்ள ஒரு பட்டை தீட்டாத கல்லை, ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி சென்னைக்குக் கொண்டுவந்தார். முதலில் இரண்டு லட்சம் வராகன் கேட்டார். மாதக்கணக்கில் பேரம் நடந்து 48,000 வராகனுக்கு பிட் வாங்கினார். அக்கால ஆங்கிலக் கணக்கில் இருபதாயிரம் பவுனுக்குச் சற்றே மேல். இது கம்பெனிப் பணமல்ல, கவர்னரின் சொந்த வியாபாரம்.

1702-இல் மூத்த மகன் ராபர்ட் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே அதற்குப் பட்டை தீட்ட இரண்டு வருஷம் பிடித்தது. தீட்டி முடித்தபோது சுமார் 140 காரட். 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுன் விலை பேசி வாங்கினார். இன்று 'ரீஜன்ட்' வைரம் என்ற பெயரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பதினைந்தாம் லூயியின் முடியிலும் நெப்போலியனின் வாளிலும் பதிந்திருந்த கல் அது.

சுரங்கத்தில் வேலை செய்த ஓர் அடிமை தன் காலைக் கிழித்துப் புண்ணுக்குள் இந்தக் கல்லை ஒளித்துக் கொண்டுபோனான், வழியில் ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்றுவிட்டுக் கல்லைப் பறித்தான் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பிட்டே தவறான வழியில் கல்லைப் பெற்றார் என்று லண்டனில் பேச்சு எழுந்தது. ஊர் திரும்பும் வழியில், 1710-இல், தான் வாங்கிய விதத்தை ஆணையிட்டு எழுதிவைக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு அவரை உறுத்தியிருக்கிறது. விற்றவர் பெயர், கேட்ட விலை, முடிந்த விலை எல்லாம் அதில் இருக்கின்றன. கல்லைத் தோண்டி எடுத்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

குடும்பம்

சென்னையில் இருந்த காலம் முழுவதும் பிட் தன் மனைவியையும் பெரும்பாலான பிள்ளைகளையும் பிரிந்தே இருந்தார். மனைவி ஜேன் இன்னஸ் இங்கிலாந்திலேயே இருந்தார். பிட் அனுப்பிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. படித்துப் பார்த்தால் ஒரே புலம்பல்! பணத்தை வீணாக்குகிறீர்கள், கணக்கு அனுப்பவில்லை, ஒருவரோடொருவர் சண்டை போடுகிறீர்கள், கல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் சாரம். அந்தக் காலத்தில் மலைக்கு வந்த நம் பெரியவர்கள் ஊருக்குப் போட்ட கடிதங்களும் இப்படித்தானே இருந்தன? வெளியூரில் சம்பாதிக்கிறவன் கவலை கவர்னருக்கும் கூலிக்காரனுக்கும் ஒன்றுபோல.

வைரப் பணமும் வியாபாரப் பணமும் இங்கிலாந்தில் நிலமாக மாறின. கார்ன்வாலில் பொகானக் என்ற பெரிய பண்ணையை வாங்கினார். பிள்ளைகளுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தங்கள் அமைந்தன. மகள் லூசியை மணந்த ஜேம்ஸ் ஸ்டான்ஹோப், முதலாம் ஜார்ஜ் மன்னரின் தலைமை அமைச்சர்களுள் ஒருவரானார். இன்னொரு மகன் அயர்லாந்தின் லண்டன்டெரி பிரபு ஆனார். பாதிரியாரின் பேரப்பிள்ளைகள் பிரபுக்கள் ஆகிவிட்டார்கள். தாமஸ் பிட் 1726-இல் காலமானார். மூத்த மகன் ராபர்ட்டும் மறு ஆண்டே இறந்தார்.

ஆள் இல்லாத ஊருக்கு இரண்டு உறுப்பினர்

வைரத்தைவிட அந்தக் குடும்பத்துக்கு அதிகம் பயன்பட்ட சொத்து ஒன்று உண்டு. சொன்னா நம்ப மாட்டீங்க, அது ஒரு வெறும் மேடு.

சாலிஸ்பரி நகரத்துக்கு அருகே ஓல்ட் சாரம் என்று ஒரு பழைய கோட்டை மேடு. ஒரு காலத்தில் அங்கே நகரமும் பேராலயமும் இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேராலயத்தைக் கீழே சமவெளிக்கு மாற்றியபோது மக்களும் இறங்கிப் போய்விட்டார்கள். மேட்டில் புல்தான் மிஞ்சியது. ஆனால் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் அந்த மேட்டோடு ஒட்டிக்கொண்டது. அங்கே சில மனைக்கட்டுகளுக்கு வாக்குரிமை இருந்தது. மனைகளை யார் வைத்திருக்கிறாரோ, அவர் தேர்தல் சமயத்தில் வேண்டியவர்கள் பேருக்கு அவற்றை எழுதிக்கொடுப்பார். அவர்கள் ஒரு மரத்தடியில் கூடி, சொன்ன ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த மேட்டைத்தான் தாமஸ் பிட் சென்னைக்குக் கவர்னராக வருவதற்கு முன்பே விலைக்கு வாங்கியிருந்தார். அவரும், மகன் ராபர்ட்டும், பேரன்மாரும் ஓல்ட் சாரத்தின் உறுப்பினர்களாகப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். வங்கக் கடலோரத்தில் சம்பாதித்த பணம் மேடாக மாறி, அந்த மேடு பதவியாக மாறியது. 1832-இல் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் இந்த உரிமை ஒழிந்தது.

மூத்த பிட்

ராபர்ட்டின் இரண்டாவது மகன் வில்லியம் பிட் 1708-இல் பிறந்தார். தாத்தா அப்போதும் சென்னையில் கவர்னர். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்ட், கொஞ்ச காலம் குதிரைப்படை. 1735-இல் ஓல்ட் சாரம் உறுப்பினர். அந்த ஆள் இல்லாத மேட்டிலிருந்து வந்தவர்தான், அக்காலத்தின் மிகச் சிறந்த பேச்சாளராகவும், மக்களின் தலைவர் என்று பெயரெடுத்தவராகவும் ஆனார்.

நேர்மைக்கும் பெயர் பெற்றவர். 1746-இல் படைச் சம்பளப் பொறுப்பாளர் பதவி கிடைத்தது. கையில் இருக்கும் அரசுப் பணத்தின் வட்டியை அந்தப் பதவியில் இருப்பவரே எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். பிட் அதைத் தொட மறுத்துவிட்டார். 1757 முதல் 1761 வரை, ஏழாண்டுப் போரின்போது, நாட்டின் போர் நடவடிக்கை முழுவதையும் அவரே நடத்தினார் எனலாம்.

நமக்கு இங்கே ஒரு செய்தி. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்ததும்தான் முற்றுகை விலகியது. தாத்தா காத்த கோட்டையைப் பேரன் நடத்திய போர் மீட்டது. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியின் வீழ்ச்சி. தமிழ்நாட்டின் தலையெழுத்து அந்த மூன்று வருஷத்தில் எழுதப்பட்டுவிட்டது.

1766-இல் சாத்தம் பிரபு என்ற பட்டத்தோடு பிரதமரானார். ஆனால் கீல்வாதமும் மனச்சோர்வும் அவரை முடக்கிப்போட்டன. அவர் படுக்கையில் இருந்தபோது, 1767-இல், அவர் மந்திரி சபையின் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் அமெரிக்கக் குடியேற்றங்களில் இறக்குமதியாகும் தேயிலைக்கு வரி போட்டார். அந்த வரி 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டும் கலகத்தில் கொண்டுபோய் விட்டது. பெயரளவில் அது பிட்டின் அரசு. அவரோ அமெரிக்கர்களை அடக்கக் கூடாது, சமாதானம் பேச வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர். 1778 ஏப்ரலில் பிரபுக்கள் சபையில் பேச எழுந்தபோது மயங்கி விழுந்தார். மே 11-இல் இறந்தார்.

1770-இல் அதே சபையில், ஆசியாவின் செல்வம் இங்கிலாந்துக்குள் கொட்டி அரசியலையே கெடுத்துவிட்டது என்று அவர் கடுமையாகப் பேசியிருக்கிறார். சென்னையில் சம்பாதித்தவரின் பேரன் இதைச் சொன்னார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? பாசாங்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டுச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதை மூன்றாம் தலைமுறை மறந்துவிடும். நம் வீடுகளிலும் அதைப் பார்த்திருக்கிறோம்.

இளைய பிட்டும் மூன்று சட்டங்களும்

மூத்த பிட்டுக்கும் ஹெஸ்டர் கிரென்வில் அம்மையாருக்கும் ஐந்து பிள்ளைகள். அவர்களில் இரண்டாவது மகன் இளைய வில்லியம் பிட், 1759 மே 28-இல் பிறந்தார். உடல் நலிந்த பிள்ளை. பதினாலு வயதில் கேம்பிரிட்ஜ், 21 வயதில் பாராளுமன்றம், 23-இல் நிதியமைச்சர், 1783 டிசம்பரில், 24 வயதில் பிரதமர்! இன்றுவரை அவரைவிட இளம் வயதில் அங்கே யாரும் பிரதமரானதில்லை.

அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1784-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். கம்பெனியின் ஆட்சி விவகாரங்களை லண்டனில் அரசு நியமித்த ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. அன்றிலிருந்து நம் நாட்டை ஆண்டது வியாபாரியும் மந்திரியும் சேர்ந்த கூட்டு.

இரண்டாவது, ஆற்காட்டு நவாப் கடன். நவாப் முகம்மது அலி, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் பெரும் கடன் பட்டிருந்தார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் அதில் கொழுத்தார்கள். அந்தக் கடன்களில் எது நிஜம், எது பொய்க்கணக்கு என்று விசாரிக்காமலே, கர்நாடகத்தின் நிலவரி வருமானத்திலிருந்து அடைக்கும்படி பிட்டின் வாரியம் உத்தரவிட்டது. 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து நீண்ட நேரம் பேசினார். கடன்காரர்களின் தேர்தல் உதவிக்குக் கைம்மாறாகத்தான் பிட் அரசு இப்படிச் செய்தது என்பது அவர் குற்றச்சாட்டு. தீர்மானம் தோற்றது. அந்த வட்டியைக் கட்டியது யார்? ஆற்காட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் ஏர் பிடித்தவர்கள்.

மூன்றாவதுதான் என் மாணவி கேட்ட தேயிலை வரி. 1784-க்கு முன் இங்கிலாந்தில் தேயிலைக்கு வரி நூற்றுக்கு 119. நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றுப் பத்தொன்பது ரூபாய் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடத்தல் நடக்காமல் என்ன செய்யும்? குடித்த தேயிலையில் பெரும்பகுதி கடத்தல் சரக்கு. பிட் அந்த வரியை ஒரே வெட்டாக நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆக்கினார். இழப்பை ஈடுகட்ட வீட்டு ஜன்னல்களுக்கு வரியைக் கூட்டினார். கடத்தல் படுத்துவிட்டது. வரி கட்டி விற்ற தேயிலை குறுகிய காலத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. பிரபுக்கள் வீட்டுச் சரக்காக இருந்த தேயிலை, கூலிக்காரன் காலையில் குடிக்கும் நீராகப் பரவ இந்தச் சட்டம் வழிவிட்டது.

அடுத்த ஆண்டே பிட் இன்னொன்றும் செய்து பார்த்தார். ஓல்ட் சாரம் போன்ற 36 வெற்றுத் தொகுதிகளை அரசே பணம் கொடுத்து ஒழிக்கலாம் என்று 1785 ஏப்ரலில் மசோதா கொண்டுவர அனுமதி கேட்டார். 174-க்கு 248 என்று தோற்றுப்போனார். தாத்தாவும் தகப்பனாரும் ஏறிவந்த ஏணியை எடுத்துவிட நினைத்தார் என்பது அவருக்குப் பெருமைதான். தோற்றபின் அவர் அதை விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் காலத்தில்தான், 1789 டிசம்பரில், திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். அதிலிருந்து மூன்றாம் மைசூர்ப் போர். 1795-இல் திருவிதாங்கூர் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு அதன் பாதுகாப்பின் கீழ் வந்தது. பின்னாளில் வெள்ளைத் துரைமார்கள் இந்த மலைக்கு வழி கேட்டுக்கொண்டு வந்ததற்கு அரசியல் பின்னணி இங்கேதான் தொடங்குகிறது.

பிட் 1806 ஜனவரி 23-இல், 46 வயதில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் இல்லை. 40,000 பவுன் கடன் வைத்துவிட்டுப் போனார். பாராளுமன்றம் அதை அடைத்தது. தகப்பனார் வைத்த கடனில் 20,000 பவுனையும் முன்பு பாராளுமன்றமே அடைத்திருந்தது. வைரம் சம்பாதித்த குடும்பம் கடனில் முடிந்தது என்று நீதி சொல்லலாம். ஆனால் அந்தக் கடனைத் தீர்க்க ஒரு நாடே முன்வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வரிச் சட்டத்திலிருந்து மலைக்கு

1784-இல் இந்தியாவில் தேயிலைத் தோட்டம் ஒன்றுகூடக் கிடையாது. இங்கிலாந்து குடித்ததெல்லாம் சீனத் தேயிலை. குடிப்பவர் தொகை பெருகப் பெருக, சீனாவுக்குக் கொடுக்க வெள்ளி போதவில்லை. வெள்ளிக்குப் பதில் இந்திய அபின் போயிற்று. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் சீன வியாபார ஏகபோகத்தை ஒழித்தது. பிறகு சொந்தமாகவே தேயிலை விளைவிக்கலாம் என்று அஸ்ஸாமில் முயன்றார்கள். 1839-இல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது.

நம் மலைக்கு அது வர இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். நிலமோ 1,37,000 ஏக்கருக்கு மேல்! 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி மலையில் நடவு தொடங்கினார். காப்பி, சிங்கோனா என்று பலதும் வைத்துப் பார்த்துக் கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது.

காடு வெட்டியவர்கள் நாம். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணி கொடுத்த முன்பணத்துக்கு வந்தவர்கள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போடி வந்து, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறினவர். தலையில் ஒரு மூட்டை, கையில் என் அத்தை. அப்பா இங்கே லயத்தில் பிறந்தார். நானும் லயத்தில்தான் பிறந்தேன். என் பிள்ளைகளோடு சேர்த்தால் எங்களுக்கும் நான்கு தலைமுறை ஆகிறது. பிட் குடும்பத்துக்கும் நான்குதான்.

பிட் வரியைக் குறைத்ததால்தான் என் தாத்தா மலை ஏறினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரே நேர்கோட்டில் வரலாறு நடப்பதில்லை. நடுவில் சீனா, அபின், அஸ்ஸாம், இலங்கையில் காப்பிச் செடிக்கு வந்த நோய், தாது வருஷப் பஞ்சம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் லண்டனில் தேயிலை மலிந்திராவிட்டால் இந்த மலையில் இவ்வளவு தேயிலை இருந்திருக்காது. நவாப் கடனுக்கு வரி கட்டிய அதே சீமைகளிலிருந்துதான் மூன்று நான்கு தலைமுறை கழித்துக் கங்காணியின் பின்னால் ஆட்கள் வந்தார்கள். ஒரு குடும்பம் எடுத்த முடிவுகளின் ஓரத்தில் எங்கோ நம் குடும்பங்களும் இருக்கின்றன. "அதனால நமக்கு என்ன சார்?" என்ற கேள்விக்கு இதுதான் முதல் பதில்.

மேடும் மலையும்

இரண்டாவது பதில், எனக்கு இதைவிட முக்கியமானது.

ஓல்ட் சாரத்தில் மனை இருந்தது, மனுஷன் இல்லை. அதனால் இரண்டு உறுப்பினர். நம் மலையில் ஆயிரக்கணக்கில் மனுஷர்கள் இருந்தார்கள், மனை இல்லை. அதனால் வெகுகாலம் வாக்கே இல்லை. திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் சபையில் தோட்டத் துரைமார்களின் சங்கங்களுக்குப் பிரதிநிதிகள் உண்டு. வாக்குரிமை நிலவரியையும் சொத்தையும் பொறுத்தது. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலைக்குப் போனவர்களுக்கு இதில் ஏது இடம்? 1948-இல் வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோதுதான் லயத்து மனுஷன் முதல் முறை வாக்குப் போட்டான். கேரளத்தின் முதல் தேர்தலில், 1957-இல், தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ரோசம்மா புன்னூஸும் என். கணபதியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த மேட்டைப் போலவே இரண்டு உறுப்பினர். ஆனால் மரத்தடியில் நாலு பேர் கூடித் தேர்ந்தெடுத்ததல்ல, மலையே இறங்கிவந்து தேர்ந்தெடுத்தது.

வாக்கு வந்துவிட்டது. மனை வந்ததா? லயம் நம் வீடு இல்லை. வேலை இருக்கும்வரைதான் அது. ஓய்வு பெற்ற அன்று, வீட்டில் வேறு யாருக்கும் தோட்டத்து வேலை இல்லையென்றால், பெட்டி கட்ட வேண்டும். ஊருக்குப் போனால் அங்கே நம்மை மலைக்காரன் என்பார்கள். இங்கே நம்மைப் பாண்டிக்காரன் என்பார்கள். 2015-இல் பெம்பிளை ஒருமைப் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் கேட்டது போனஸும் கூலியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோயிற்று. அப்போதும் இந்த மனை என்ற கேள்விதான் கண்முன் நின்றது.

பிட் குடும்பத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுத முடிந்ததற்குக் காரணம், அவர்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். கடிதம், கணக்கு, உயில், மகனோடு போட்ட சண்டை, ஒன்றையும் விடவில்லை. சென்னையிலிருந்து கவர்னர் தன் மகனைத் திட்டியதை முந்நூறு வருஷம் கழித்து மூணாற்றில் உட்கார்ந்து நான் படிக்கிறேன். என் தாத்தா எந்த வருஷம் மலை ஏறினார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பெயர் செக்ரோலில் ஒரு வரியாக இருந்திருக்கும். அந்தச் செக்ரோல் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே அன்பர்களே, மலர் ஆசிரியர் அனுமதித்தால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்த வழியாக வந்தார்கள், எந்த மலையில் முதலில் வேலை செய்தார்கள், எந்த லயத்தில் யார் பிறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் காகிதம், ஊரிலிருந்து வந்த கடிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். பட்டா கேட்டு நிற்கும்போது காட்டுவதற்கு நமக்கு வேறு என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டு மலரில் அப்படிப்பட்ட பத்துக் குடும்பங்களின் வரலாறு வருமானால், பிட் குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் எனக்கு இருக்காது.

அந்த மாணவி இப்போது கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி. மலர் அவள் கைக்கும் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.